எக்கோ பார்த்த கதை

துறைமுகத்தில் நான் 36 வருஷம் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால், "கடலுக்கு எக்கோ எடுத்தேன்" என்று சொல்லிவிடுவேன். கேட்டவர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை. 1976-இல் நான் சேர்ந்தபோது, தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இரண்டே வருஷம் ஆகியிருந்தது. சர்வே பிரிவில் போட்டார்கள். காலையில் லாஞ்சில் ஏறி, கப்பல் வரும் வாய்க்காலில் கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட வேண்டும். லாஞ்சின் அடியில் ஒரு கருவி 'டக் டக்'கென்று ஒலியைக் கீழே அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து ஆழம் தெரியும். காகிதச் சுருளில் ஒரு ஊசி அதைக் கருக்கிக் கருக்கி வரைந்துகொண்டே போகும். அந்தக் கருகல் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

எங்கள் சாரங்கு கீழவைப்பார்க்காரர், பெரிய அனுபவஸ்தர். மெஷின் காட்டுவதற்கு முன்னாலேயே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, "ஆறு பாகம் இருக்கும் சார்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பிக் கப்பலை உள்ளே கூப்பிட முடியாது. அதற்குத்தான் எக்கோ.

இதைச் சொல்ல வந்த காரணம் வேறு. 2018-இல் எங்கள் வீட்டில் இன்னொரு எக்கோ எடுத்தார்கள். என் மகள் வயிற்றில் இருந்த பிள்ளையின் இருதயத்துக்கு.

அதற்கு முன்னால் 1980-க்குப் போக வேண்டும். இதுவரை எழுதாத விஷயம். எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். "எழுதுங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமானது 1979-இல். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். கர்நாடகம், ஆந்திரா, ஒரிசா வழியாக முழு கிரகணம் போனது. நம் ஊரில் முழுசாக மறையவில்லை, ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் வெயில் ஒரு மாதிரி மங்கிப்போனது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. என் மனைவி அப்போது இரண்டு மாசம். கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஐந்து நிமிஷம் முற்றத்துக்குப் போய் வந்தாள். அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. நன்றாக அழுதான். பால் குடித்தான். மறுநாள் சாயங்காலம் நகமும் உதடும் நாவல் பழம் தின்ற மாதிரி ஆயின. மூச்சு வாங்கியது. பால் குடிக்கத் தெம்பில்லை. டாக்டர் ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார், "நெஞ்சில ஏதோ கோளாறு, பெரிய ஊருக்குத்தான் கொண்டுபோகணும்" என்றார். எந்தப் பெரிய ஊர், அங்கே போய் யாரைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் முடிந்துவிட்டது.

என் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் பதினாறு முடிவதற்குள் சொல்லிவிட்டாள்: "கிரகணத்தன்னைக்கு முற்றத்துல நிக்காதட்டின்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா?" அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். என் மனைவி பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். கிரகணத்துக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டாமே என்று திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு 1984-இல் மகள் பிறந்தாள், நன்றாக வளர்ந்தாள். அந்தப் பையனைப் பற்றி வீட்டில் யாரும் வாயெடுப்பதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, 2018-இல் உண்டானாள். 19-ஆவது வாரம் இங்கேயே ஸ்கேன் எடுத்தார்கள். கை, கால், முதுகெலும்பு, மூளை எல்லாம் பார்த்து, இருதயத்தில் நாலு அறையும் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். அடுத்த மாதச் செக்கப்புக்கு என் மனைவி கூடப் போனாள். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்: "உங்க குடும்பத்துல யாருக்காவது பிறவியிலேயே இருதயக் கோளாறு இருந்ததா? பிறந்து ஏதாவது குழந்தை தவறியிருக்கா?"

38 வருஷமாக மூடி வைத்திருந்ததை என் மனைவி அங்கே சொல்லிவிட்டாள். நீலம் பாரித்தது, பால் குடிக்க முடியாமல் போனது, மூன்றாம் நாள், எல்லாவற்றையும். மகளுக்கே தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "மதுரையில ஒரு தடவ ஃபீட்டல் எக்கோ பார்த்துடலாம்மா. ஒண்ணும் இருக்காது. ஆனாலும் பார்த்துடலாம்" என்றார்.

செப்டம்பர் நடுவில் காரில் கிளம்பினோம். எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை என்று 135 கிலோமீட்டரும் ஒருவரும் பேசவில்லை.

ஸ்கேன் அறைகளில் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று 1994-ஆம் வருஷச் சட்டப்படி பலகை வைத்திருப்பார்கள். அங்கே மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள். திரை எங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அந்த டாக்டருக்கு நாற்பது வயசு இருக்கும். முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். எனக்கு அந்த மௌனம் பழக்கமானது. சர்வேயில் எதிர்பாராத இடத்தில் கோடு மேலே ஏறினால் நாங்களும் அப்படித்தான் இருப்போம். லாஞ்சைத் திருப்பி அதே இடத்தில் இன்னொரு தடவை ஓடிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டோம். அவர் கருவியைத் திருப்பித் திருப்பி அதே இடத்துக்கு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்று, இருதயம் மட்டும் தெரிகிற படத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதையும், நான் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் இருதயத்திலிருந்து இரண்டு பெரிய குழாய்கள் கிளம்புகின்றன. ஒன்று இடது கீழறையிலிருந்து உடம்புக்கெல்லாம் நல்ல ரத்தத்தைக் கொண்டுபோகிற மகாதமனி. மற்றது வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாய். இரண்டும் நேராகக் கிளம்புவதில்லை. ஒன்றையொன்று குறுக்கே தாண்டி, சங்கின் புரி மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகின்றன. கருவில் முதல் எட்டு வாரத்துக்குள் இந்த முறுக்கு விழுந்தாக வேண்டும். ஏதோ காரணத்தால் அது விழாமல், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நேராக எழும்பினால், குழாய்கள் இடம் மாறிவிடுகின்றன. உடம்புக்குப் போன ரத்தம் ஆக்சிஜன் ஏறாமல் திரும்ப உடம்புக்கே போகும். நுரையீரலுக்குப் போன ரத்தம் திரும்ப நுரையீரலுக்கே வரும். இரண்டு தனித்தனிச் சுற்று. மூவாயிரம், நாலாயிரம் பிரசவத்தில் ஒன்று இப்படி ஆகுமாம்.

நம் கடற்கரையில் புரி மாறிய சங்கு கிடைத்தால் வலம்புரி என்று லட்சக்கணக்கில் விலை வைப்பார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நுரையீரலுக்கு வேலை கிடையாது. ஆக்சிஜன் தொப்புள் கொடி வழியாக வருகிறது. தவிர, இரண்டு பக்க ரத்தமும் கலக்க இயற்கையே இரண்டு வழி திறந்து வைத்திருக்கிறது: மேலறைகளுக்கு நடுவில் ஓர் ஓட்டை, பெரிய குழாய்களுக்கு நடுவில் ஒரு சின்ன இணைப்புக் குழாய். பிறந்த சில மணி நேரத்தில், சில நாட்களில் இவை மூடிக்கொள்ளும். மற்ற பிள்ளைகளுக்கு அது நல்லது. இந்தப் பிள்ளைக்கு உயிர் போகிற விஷயம். சங்கு குளிக்கிறவனுக்கு ஆபத்தெல்லாம் தண்ணீருக்கடியில், மேலே வந்தால் பிழைத்தான். இங்கே தலைகீழ்.

"நாலு அறையும் சரின்னு எழுதியிருந்தாங்களே டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"நாலு அறையும் சரியாத்தான் இருக்கும்மா. அது பொய்யில்ல. இந்தக் கோளாறு அறையில கிடையாது, அதுக்கு மேல. கருவிய இன்னும் கொஞ்சம் மேல கொண்டுபோய்ப் பாக்கணும். அங்க மூணு குழாய் வரிசையாத் தெரியணும். பெரிசு, நடுத்தரம், சிறிசு. இங்க ரெண்டுதான் தெரியுது. இன்னொண்ணு அடியில மறைஞ்சு, பக்கத்திலயே நேரா ஓடுது."

எனக்கு இது உடனே பிடிபட்டது. நாங்கள் கோடு கோடாகத்தான் ஓடுவோம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு பாறை இருந்தால் மெஷின் காட்டாது. மெஷின் மேல் தப்பில்லை, நாம் அந்த இடத்தில் ஓடவில்லை. பின்னாளில் மல்ட்டிபீம் வந்தது. அது விசிறி மாதிரி ஒலியைப் பரப்பி, தரை முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். கரைக்கு வந்து கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த டாக்டர் வைத்திருந்த கருவியும் அப்படித்தான் செய்தது. பத்துப் பன்னிரண்டு விநாடியில் இருதயத்தை முழுசாகத் துழாவி, ஒவ்வொரு துடிப்பையும் அதனதன் நேரத்தோடு பொருத்தி, துடிக்கிற முப்பரிமாண உருவமாகச் சேமித்துவிடுகிறது. 2003 வாக்கில் வந்த உத்தி. "இத ராத்திரி உக்காந்து மறுபடி வெட்டி வெட்டிப் பாப்பேன் சார். சென்னைக்கும் அனுப்பி இன்னொருத்தர் கண்ணாலயும் பாத்துடலாம்" என்றார். அந்த இருதயம் அப்போது ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லை. மகாதமனியின் குறுக்களவு மூன்று மில்லிமீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு 140, 150 தடவை துடித்துக்கொண்டிருந்தது. இதில் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்!

திரையில் சிவப்பும் நீலமும் ஓடின. சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லையாம். கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். டாப்ளர் தத்துவம்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். இரண்டு எக்கோவும் உண்மையிலேயே ஒரே குடும்பம்தான். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, பிரெஞ்சு விஞ்ஞானி லாங்கெவின் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துத் தண்ணீருக்குள் ஒலி அனுப்பினார். அதன் வாரிசுதான் எங்கள் எக்கோ சவுண்டர். கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், 1955-இல் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனிக்கே போய், இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலிக்கருவியால் அறுத்தெடுத்த கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். 1958-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கிற ஸ்கேன் சென்டர்களுக்கு அதுதான் ஆரம்பம். இன்னொன்று என்னை ரொம்ப ஆச்சரியப்பட வைத்தது. மனித உடம்பில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துத்தான் ஸ்கேன் மெஷின் கணக்குப் போடுகிறது. நம் மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். தினமும் காலையில் தட்டைச் சங்கிலியில் கட்டி 5 மீட்டர், 10 மீட்டர் என்று இறக்கி நாங்கள் மெஷினைச் சரிபார்த்த அதே எண்.

அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புக்கு முன்னால் பாரில் சிப்பி எடுத்து மாதிரி பார்ப்பார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல், எனக்கு ஒன்பது வயசு. ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, உடைத்து, அழுகவைத்து, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுத்தான் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சிப்பி சாக வேண்டும். இலங்கைப் பக்கம் நூறு வருஷத்துக்கு முன்னால் சிப்பியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கக்கூட முயன்றிருக்கிறார்கள். திறக்காமலே பார்க்கும் ஆசை பழசுதான்.

மதுரையிலிருந்து திரும்பும்போது மகள் கேட்டது ஒன்றுதான்: "பார்த்தாச்சு. இப்ப என்ன செய்ய?" கலைப்பதற்கு அப்போது சட்டம் 20 வாரம் வரைதான் அனுமதித்தது. சில நிலைமைகளுக்கு 24 வாரம் என்று ஆனது 2021 திருத்தத்தில். ஆனால் அந்தப் பேச்சையே டாக்டர் எடுக்க விடவில்லை. "இது சரிபண்ணக்கூடிய கோளாறு. பிள்ளை எங்க பிறக்குதுங்கறதுதான் முக்கியம்" என்று மூன்று தடவை சொன்னார். வயிற்றுக்குள்ளேயே செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதெல்லாம் பிறந்த நிமிஷத்திலிருந்து. அதற்கான ஆட்கள் நிற்கிற இடத்தில் பிரசவம் நடக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பாரிஸ் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்டது. இதே கோளாறோடு, கருவிலேயே கண்டுபிடிக்கப்பட்ட 68 குழந்தைகள். பிறந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்ட 250 குழந்தைகள். பின்னவர்களில் 15 பேர் அறுவை சிகிச்சை வரைக்கும்கூட உயிரோடு இருக்கவில்லை. செய்த பிறகும் 20 பேர் போனார்கள். முன்னவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. நம் பக்கத்திலும் இதற்கென்றே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் டாக்டர் பாலு வைத்தியநாதன் கரு இருதயத்துக்கென்றே பிரிவு நடத்துகிறார். சென்னையில் டாக்டர் எஸ். சுரேஷின் மெடிஸ்கான் எத்தனையோ ஸ்கேன் மருத்துவர்களைப் பழக்கி அனுப்பியிருக்கிறது. கேரள அரசு 2017-இல் 'ஹிருதயம்' என்று குழந்தைகளுக்காகவே ஒரு திட்டம் ஆரம்பித்தது. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தை இருதய அறுவைக்கு இடமுண்டு. தெரிந்தால் வழி இருக்கிறது. தெரிவதில்தான் சிக்கல்.

ஏழாம் மாசம் வளைகாப்பு சின்னதாக நடத்தினோம். தாய்வீட்டுப் பிரசவம் இல்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். டிசம்பரில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். மார்கழிக் குளிரில் நானும் மாப்பிள்ளையும் காலையில் டீ குடிக்கப் போவோம். "மாமா, பயமா இருக்கு" என்று அவர் ஒரே ஒரு நாள் சொன்னார். நான் சொல்லவில்லை.

2019 ஜனவரி 4-ஆம் தேதி பேத்தி பிறந்தாள். அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே தொப்புள் கொடிக் குழாய் வழியாக மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. அந்த இணைப்புக் குழாய் மூடாமல் இருப்பதற்கான மருந்து. இரவே, தொடை நரம்பு வழியாகச் சின்ன பலூனை இருதயத்துக்குள் செலுத்தி, மேலறைகளுக்கு நடுவில் இருந்த ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். ராஷ்கிண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1966-இல் கண்டுபிடித்த வழி. ஏழாம் நாள் பெரிய அறுவை. இரண்டு குழாய்களையும் அறுத்து, இடம் மாற்றித் தைத்து, இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற நூல் போன்ற நரம்புகளையும் பெயர்த்துப் புது இடத்தில் வைப்பது. பிரேசிலில் ஜடேனே என்பவர் 1975-இல் முதலில் வெற்றிகரமாகச் செய்தார். அதாவது என் மகன் பிறப்பதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால். கருவில் இருதயம் எப்படித் தெரியும் என்று லண்டனில் லிண்ட்ஸி ஆலன் குழுவினர் எழுதியது 1980-இல். அவன் பிறந்த அதே வருஷம். எல்லாம் உலகத்தில் எங்கேயோ இருந்தது.

பொங்கலன்று நாங்கள் ஐ.சி.யூ. வாசலில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயசுத் தகப்பன், எங்கோ டெல்டாப் பக்கத்துக் கிராமம். அவன் பிள்ளைக்கும் இதே கோளாறு. பிறந்து மூன்றாம் நாள் நீலம் பாரித்து, இரண்டு ஆஸ்பத்திரி மாறி, ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸில் வந்திருந்தது. அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட். "ஐயா, நீங்க படிங்க. எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு?" என்று என்னிடம் நீட்டினான். படித்தேன். நாலு அறையும் சரி என்றுதான் போட்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அந்தப் பை மட்டும் நாற்காலியில் இருந்தது. அப்புறம் யாரோ வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மூன்று வரிசை குழாயைப் பார்க்க, தெரிந்தவர் கையில், அதிகப்படியாக ஐந்து நிமிஷம் ஆகும். பிள்ளையின் முகத்தை 4டி-யில் படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுக்க நேரம் இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை என்று எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் மாச ஸ்கேனுக்குப் போனால், "இருதயத்திலிருந்து வெளியே போகிற குழாய்களையும் பார்த்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிறந்த மறுநாள், கொரோனாவில் நாமெல்லாம் விரலில் மாட்டிய அதே ஆக்சிமீட்டர் மாதிரிக் கருவியைப் பிள்ளையின் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பிப்போனவை சில அதில் சிக்கும்.

அறுவை முடிந்து பத்தாம் நாள் வாய் வழியாகப் பால் கொடுக்கலாம் என்றார்கள். என் மனைவி பையைத் திறந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுத்தாள். 1980-இல் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மகளுக்குக்கூட அவள் அதில் பால் புகட்டியதில்லை. நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உள்ள விடமாட்டாங்க ஆச்சி" என்று ஸ்டீல் பாலாடையில்தான் கொடுத்தாள். இவள் சங்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று குழந்தைகள் இருதய மருத்துவரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். 1980-இல் எங்கள் பையனுக்கும் இதேதானா என்று. அடையாளமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம் சார். வேற அஞ்சாறு காரணமும் இருக்கலாம். பாக்காததப் பத்தி நான் எப்படிச் சொல்ல?" என்றார். எங்கள் பழைய அதிகாரி ஒருவர் வரைபடம் போடும்போது சொல்வார், ஓடிப் பார்க்காத இடத்தில் எண் எழுதாதே, வெள்ளையாக விடு என்று. எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"கிரகணத்தினால வருமா?" என்றும் கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வராது சார். அத மட்டும் உறுதியாச் சொல்லலாம்."

அன்று இரவு ரயிலில், கீழ் பெர்த்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் சொன்னேன். டாக்டர் சொல்லிட்டார், கிரகணத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம் என்று.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "நீங்கதான் உங்க அம்மைக்கிட்ட சொல்லியிருக்கணும்."

விழுப்புரம் தாண்டும் வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் அவள், கை மரத்துப்போச்சு, கொஞ்ச நேரம் வச்சிருங்க என்று பிள்ளையை என்னிடம் கொடுத்தாள்.

பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடம். வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ பார்க்க வேண்டும். நெஞ்சில் ஒரு தழும்பு, சட்டைப் பொத்தானுக்கு நடுவில் எட்டிப் பார்க்கும். போன மாசம் மதுரைக்கு நானும் கூடப் போனேன். திரை இப்போது எங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. "தாத்தா, அது என்ன சிவப்பு?" என்று கேட்டாள். நம்மைப் பார்த்து வருது என்றேன். "நீலம்?" நீலம் அங்கிட்டுப் போகுது என்றேன். டாக்டர் பேசாமல் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரே இடத்துக்கு இரண்டாம் தடவை திரும்பி வருகிறாரா என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.